கல் லாரியில் போன சீர்

கல் லாரி ஓட்டுகிறவர்களுக்கு உயரத்தைப் பற்றிய பயம் கிடையாது. கல்லை யாரும் ஆள் உயரத்துக்கு அடுக்க மாட்டார்கள். அவர்களுக்கு எடைதான் பயம். எங்கள் அக்காவின் சீர் பாதி வழியில் நின்றதற்கு இதுதான் காரணம்.

அப்பா பர்கூர் பக்கம் கல்குவாரியில் கல் உடைத்துக்கொண்டிருந்தார். அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர் ஓசூரைத் தாண்டி, கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம். மாப்பிள்ளைக்கு ஓசூரில் புதிதாக வந்த கம்பெனி ஒன்றில் வேலை. கல்யாணம் எங்கள் ஊரில் நடந்து, அக்காவும் போய்விட்டாள். மூன்றாம் நாள் சீர் கொண்டுபோக குவாரி முதலாளி ஒரு லாரி கொடுத்தார்.

அந்த வீட்டு மூத்த மருமகள் வந்தபோது லாரி நிறைய சீர் வந்ததாம், கண்ணாடி வைத்த பீரோவும் இருந்ததாம். இதை அக்காவின் மாமியார் கல்யாணப் பந்தியிலேயே இரண்டு தடவை சொன்னார். எங்களிடம் இருந்தது ஒரு கட்டில், மெத்தை, இரண்டு மரப்பெட்டி, அண்டா குண்டான், நாலு குடம். லாரிக்குள் வைத்தால் வெளியே தெரியக்கூடத் தெரியாது.

அப்பா விடியற்காலையில் ஒரு வேலை செய்தார். வைக்கோலைக் கட்டுக்கட்டாகச் சாக்கில் திணித்து லாரியில் அடுக்கினார். நான்தான் சாக்கு வாயைப் பிடித்தேன். சுற்றிலும் தார்ப்பாய் கட்டி, அதன்மேல் பெட்டிகள், அதன்மேல் கட்டிலைக் கவிழ்த்து வைத்தார். மேலே நீட்டிக்கொண்டிருந்த நாலு காலிலும் நாலு குடம் கட்டினார். அடியில் இருப்பதை யாரிடமும் சொல்லக் கூடாது என்றார். அதைச் சொல்லவே வேண்டியதில்லை. வாத்தியார் பேர் கேட்டாலும் வாயைத் திறக்காத பிள்ளை நான்.

வழி காட்ட மாப்பிள்ளையின் தாய்மாமன் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். லாரியைச் சுற்றி வந்து, மூத்த மருமகள் சீரைவிட ஒசரமாக இருக்கிறதே என்றார். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

ஓசூர் தாண்டி எல்லைச் செக்போஸ்டில் ஒருவர் மூங்கில் கழியோடு வந்தார். கழியில் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு. லாரி ஓரத்தில் நிறுத்திப் பார்த்தால், கோட்டுக்கு மேலே ஒரு முழத்துக்குக் குறையாமல் எங்கள் சீர்.

“இதுக்கு மேல ஒசரம் போகக் கூடாது. ரோட்டுக்குக் குறுக்கால கரண்டு கம்பி போவுது தெரியல? எறக்கிட்டுப் போங்க,” என்றார்.

டிரைவர், இப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது என்று தலையைச் சொறிந்தார். அப்பா குடங்களை அவிழ்த்தார். அப்பவும் உயரம். உடனே அப்பா, கட்டிலை எதிரே டீக்கடையில் போட்டுவிட்டுப் போகலாம் என்றார்.

தாய்மாமன் சிரித்தார். “இன்னா சம்பந்தி, கட்டில் இல்லாம சீரா? அடியில இருக்கறத பரப்பி அடுக்குனா தீந்துது.” சொல்லிக்கொண்டே தார்ப்பாய்க் கயிற்றில் கை வைத்தார். அப்பா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். வேண்டாம், வேண்டாம் என்று மட்டும் சொன்னார். கட்டிலை விட்டாலும் விடுவேன், கயிற்றை அவிழ்க்க மாட்டேன் என்கிற மனுஷனை அங்கே நின்ற எல்லோரும் ஒரு மாதிரி பார்த்தார்கள். கழிக்காரருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அடியில் என்ன என்று அதட்டினார்.

அப்பாவைப் போலீசில் பிடித்துக்கொடுத்துவிடுவார்கள் என்று எனக்குப் பயம்.

“வெறும் வைக்கோலுதான் சார். அத எடுத்துட்டா எறங்கிடும்,” என்றேன்.

வேற்று ஆளிடம் நானாக வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. நல்லது செய்துவிட்டேன் என்று அப்பாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். டிரைவர் டயரைப் பார்க்கிற மாதிரி அந்தப் பக்கம் போய்விட்டார்.

தாய்மாமன் வேட்டியை மடித்துக் கட்டி, தானே மேலே ஏறினார். சாக்கு மூட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்து ரோட்டோரம் தள்ளினார். கட்டிலை நிமிர்த்தி, பெட்டிகளை அடியில் வைத்தார். சீர் முழுவதும் லாரியின் பலகைக்குள் அடங்கிவிட்டது. கழிக்காரர் அளந்துகூடப் பார்க்கவில்லை, போகச் சொல்லிவிட்டார்.

வாசலில் தெருவே கூடியிருந்தது. மாமியாருக்குப் பின்னால் அக்கா நின்றிருந்தாள். மாமியார் லாரிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “இவ்ளோதானா?” என்றார்.

தாய்மாமன் முதலில் இறங்கினார். தெருவுக்கே கேட்கிற மாதிரி, “செக்போஸ்ட்ல ஒசரம் ஜாஸ்தின்னு பாதிய எறக்க வெச்சிட்டாங்கக்கா. எங்கண்ணால பாத்தேன், எங்கையால எறக்குனேன். மீதி அடுத்த நடையில வருது,” என்றார்.

கடைசி வார்த்தை தவிர அதில் பொய் இல்லை என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு நான் அதையும் நம்பினேன். அடுத்த நடையில் கண்ணாடி வைத்த பீரோ வரும் என்று நானே சேர்த்துக்கொண்டேன். பந்தியில் பாதியில் எழுந்துபோய் ரோட்டு முனையில் நின்று பார்த்தேன். அந்த வீட்டில் வேறு யாரும் அந்த லாரியைத் தேடின மாதிரி தெரியவில்லை.

சாயந்திரம் அப்பாவும் நானும் பஸ்ஸில் திரும்பினோம். செக்போஸ்டில் பஸ் நின்றது. எங்கள் சாக்கு ஒன்றைப் பிரித்து வண்டிமாடு இரண்டு மேய்ந்துகொண்டிருந்தது. கழிக்காரர் அதே இடத்தில் நின்றிருந்தார்.

“அப்பா, அடுத்த லாரியையும் நிறுத்திடுவாங்களா?” என்று கேட்டேன்.

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அத யாரும் நிறுத்த மாட்டாங்க,” என்றார்.

எனக்கு நிம்மதியாக இருந்தது.