இயற்கை கொட்டாத மணல்

கால்வாயைச் சுத்தம் செய்வது ஒரு வேலை. சுத்தம் செய்வதைப் பற்றி எழுதி வைப்பது இன்னொரு வேலை. இரண்டாவது வேலை எப்போதும் முதல் வேலைக்கு நாலடி முன்னால் நடக்கும். கால்வாயில் முதல் வாளிச் சேறு அள்ளப்படுவதற்குள் கிளை நூலகத்தின் பின்னறையில் இரும்பு அலமாரிகளெல்லாம் நிரம்பி, மிச்சக் காகிதம் ஜன்னல் மேடையில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

சாயப்பட்டறை, முலாம் பட்டறை, தோல் ஆலை என்று மூன்று தலைமுறை கழித்துவிட்டதையெல்லாம் அள்ளச் சொன்ன நீதிமன்றம், அள்ளுவது பற்றிய ஒவ்வொரு தாளும் பொதுமக்கள் பார்வைக்கு இருக்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தது. பொதுமக்களும் பார்க்க வந்தார்கள். ஓய்வுபெற்ற ஒருவர் மின்விசிறியைப் பார்க்க வந்தார். கல்லூரி மாணவர்கள் செல்போனுக்கு சார்ஜ் போடும் இடத்தைப் பார்க்க வந்தார்கள். தாளைப் பார்த்தது, ஊரே ஃபைலம்மா என்று கூப்பிடும் கோப்பறை ஊழியர் மட்டும்தான். அவளுக்கும் காவல் இருக்கத்தான் சம்பளம், படிப்பதற்கு இல்லை.

ஃபைலம்மா வளைவுத் தெருவில் பிறந்து அதே தெருவில் வாழ்க்கைப்பட்டவள். கால்வாய் அந்தத் தெருவுக்குப் பின்னால்தான் உடம்பை முறித்துத் திரும்புகிறது. மேலேயிருந்து வருகிற கசடெல்லாம் அந்தத் திருப்பத்தில் களைப்பாறப் படுத்துவிடும். பட்டறையில் அன்றைக்கு என்ன சாயம் என்பதைக் கொல்லைக் கதவைத் திறந்தே சொல்லிவிடலாம். "தண்ணீரின் நிறம் என்ன?" என்று பள்ளியில் டீச்சர் கேட்டபோது, "இன்னைக்கா டீச்சர்?" என்று கேட்டு முட்டிபோட்டவள் அவள்.

அப்புறம் தியேட்டரில் டிக்கெட் கிழித்தாள். அச்சகத்தில் பக்கம் அடுக்கினாள். பல் டாக்டர் வாசலில் உட்கார்ந்து, வலிக்கிறவர்களை வரிசையாகக் கூப்பிட்டாள். நூலகத்தில் முதல் காகிதப் பெட்டி இறங்கியபோது "தற்காலிகமா வாங்க" என்று அழைத்தார்கள். அந்தத் தற்காலிகத்துக்குள் அவளுடைய மகள் படித்து முடித்து, கல்யாணமாகி, வேறு ஊருக்கே போய்விட்டாள். தற்காலிகம் மட்டும் இன்னும் முடிந்தபாடில்லை.

கோப்பறைக்கு ஒரே சட்டம்தான். உள்ளே வந்த தாளை எடுக்கக் கூடாது, கிழிக்கக் கூடாது, திருத்தக் கூடாது. தப்பு இருந்தால் 'இது தப்பு' என்று இன்னொரு தாளைப் பின்னால் சேர்க்கலாம். சேர்த்த தாளே தப்பென்றால் மூன்றாவது தாள். இந்த வழியில் பழைய பாலத்தின் நீளம் நாலு தாளுக்கு வளர்ந்திருக்கிறது. பாலம் என்னவோ இருந்த இடத்தில்தான் இருக்கிறது. ஃபைலம்மா கட்டைவிரலில் ரப்பர் உறையை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு தாளுக்கும் எண் முத்திரை அடித்துக்கொண்டே படித்துவிடுவாள்.

அப்படித்தான் அந்தத் திங்கட்கிழமை, வந்திறங்கிய அறிக்கையின் நடுப்பக்கத்தில் முத்திரை அந்தரத்தில் நின்றது.

"வளைவுப் பகுதியில் கசடு காணப்படவில்லை. சீரான, மாசற்ற மணற்படுகை உள்ளது. கால்வாய் இவ்விடத்தில் இயற்கையாகவே மீண்டு வருவது மகிழ்ச்சிக்குரியது. எனவே வளைவைத் தூர்வாரத் தேவையில்லை."

ஃபைலம்மாவுக்கு மகிழ்ச்சி வரவில்லை. அந்த மணலை இயற்கை கொட்டவில்லை. அவள் புருஷன் கொட்டினார். கொட்டச் சொன்னவள் அவள்.

நடந்தது இதுதான். கால்வாய்ச் சேற்றில் மாதிரி எடுக்க ஆட்கள் வருகிறார்கள் என்ற கடிதத்தைப் படித்துவிட்டு, தெருவுக்குச் சேதி சொன்னவளே ஃபைலம்மாதான். வளைவுத் தெருக்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. பின்னால் சாக்கடை ஓடுவதாலோ என்னவோ, முன்னால் யார் வந்தாலும் வீட்டைத் தேய்த்துக் கழுவிவிடுவார்கள். மின்சார அளவு குறிக்க வருகிறவருக்கே வாசல் கழுவுகிற தெரு, அரசாங்க ஆட்கள் வந்தால் சும்மா இருக்குமா? அவளுடைய நாத்தனார் தெருச் சங்கத்தின் செயலாளர். அவள் விளக்குமாற்றை எடுத்தாள், தெருவே எடுத்தது. கரையில் இருந்த பிளாஸ்டிக், செத்த எலி, பழைய மெத்தை எல்லாம் போயின. கடைசியில் ஃபைலம்மா தண்ணீர் ஓரத்தைப் பார்த்து, "பாவம், வர்றவங்க காலை எங்கதான் வைப்பாங்க? முழங்கால் வரைக்கும் போயிடுமே" என்றாள். கட்டட மேஸ்திரியான அவள் புருஷன் கட்டட வேலையில் மிஞ்சிய மணலை ஒரு வண்டி கொண்டுவந்து, கரையிலிருந்து தண்ணீருக்குள் சாய்வாக இறக்கி, மட்டப்பலகை போட்டு இழுத்துவிட்டார்.

வந்தவர்கள் ஷூவில் சேறு படாமல் நின்றார்கள். நின்ற இடத்திலேயே குழாயை இறக்கினார்கள். டீ குடித்தார்கள். "உங்க தெரு மாதிரி தெருவை நாங்க பார்த்ததே இல்ல" என்றார்கள். பிள்ளையார் பிடிக்கப் போய் குரங்காக முடிந்ததைக் கேள்விப்பட்டிருக்கிறோம். குரங்கை விருந்தாளி வந்து பாராட்டிவிட்டும் போனது இங்கேதான்.

ஆட்சேபணை சொல்ல வெள்ளிக்கிழமை மாலை கடைசி. தூர்வாரும் மிதவை ஏற்கெனவே பழைய பாலத்தடியில் கட்டிக் கிடந்தது. வெள்ளிக்கிழமை தாண்டினால் திட்டம் முடிவாகிவிடும். மிதவை வளைவுக்கு முன்னாலேயே திரும்பிவிடும். சேறு வளைவில் இருக்கும். 'சேறு இல்லை' என்ற தாள் அலமாரியில் இருக்கும். அலமாரியில் இருப்பதுதான் ஜெயிக்கும். இது ஃபைலம்மாவுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

மறுநாள் வேறு தாள்களோடு வந்த தூர்வாரும் திட்டத்துப் பொறியாளரை மடக்கினாள். நல்ல மனுஷன், முகத்தில் எப்போதும் பாதித் தூக்கம்.

"சார், அந்த வளைவு மணல் நாங்க கொட்டினது."

பொறியாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அம்மா, நீங்க இப்ப ஏதோ சொன்னீங்க. எனக்குக் காதுல விழல."

"சத்தமாச் சொல்றேன்."

"சத்தமாச் சொன்னாலும் விழாது. தாள்ல வந்தாத்தான் விழும். தாள்ல வந்தா நான் பதில் எழுதணும், பதில் எழுதினா மறுபடி மாதிரி எடுக்கணும், எடுத்தா..." என்று கொட்டாவி விட்டார். "அதுவும் யாரோ தெருவாசி சொன்னாங்கன்னு வந்தா நிக்காது. மணல் போட்ட ஆளே கையெழுத்து போடணும்."

"போட்டா அபராதம் வருமா சார்?"

"தெரிஞ்சு கெடுத்திருந்தா வரும்."

"தெரியாம கெடுத்திருந்தா?"

"தெரியாமத்தான் கெடுத்தோம்னு எழுதிக் குடுக்கணும். ஊருக்கே தெரியற மாதிரி." வாசல் வரை போனவர் திரும்பினார். "நான் எழுதுங்கன்னும் சொல்லல, எழுதாதீங்கன்னும் சொல்லல. ஞாபகம் இருக்கட்டும்."

அந்தச் சாயங்காலமே நாத்தனார் வீட்டுக்குள் வந்து நின்றாள். நூலகத்தில் பேசியது தெருவுக்கு எப்படி வந்தது என்று கேட்பதற்கில்லை. மின்விசிறிக்காரர் எல்லா நேரமும் தூங்குவதில்லை.

"ஏன் அண்ணி, கவர்மெண்டே நம்ம வளைவு சுத்தம்னு எழுதிக் குடுத்துட்டான். நீங்க போய் இல்லீங்க, அழுக்குதான்னு சொல்லப் போறீங்களாமே?"

"அழுக்குதானேடி?"

"அது நமக்குத் தெரியும். எழுத்துல எதுக்கு? என் மாடிக்கு இப்பதான் குடித்தனம் வர ஒருத்தர் கேட்டிருக்கார். சுத்தமான கால்வாய், காத்து வரும்னு சொல்லி வெச்சிருக்கேன்."

"காத்து வரும். மூக்கையும் எடுத்துக்கிட்டு வரச் சொன்னியா?"

"சிரிக்காதீங்க அண்ணி! ஆளுங்களுக்கு மணல் போட்டு ஏமாத்தின தெருன்னு நாலு பேர் பேசுவான். சங்கம் பேரு கெடும். அண்ணன் பேரும் சேர்ந்து கெடும். அண்ணன்கிட்ட சொன்னீங்களா?"

அங்கேதான் ஃபைலம்மா மாட்டிக்கொண்டாள். மேஸ்திரியிடம் அவள் இன்னும் வாய் திறக்கவில்லை. முப்பது வருஷமாக 'மேஸ்திரி கை வெச்சா தப்பா வராது' என்ற ஒரே பேச்சில் பிழைப்பவர். அவரிடம் போய், 'நான் சொல்லி நீங்க செஞ்சது தப்பு, எல்லாரும் படிக்கக் கையெழுத்துப் போடுங்க' என்று கேட்பது, கல்லில் நார் உரிக்கிற சமாசாரம்.

மேஸ்திரி அந்நேரம் வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். "என்னடி ரெண்டு பேரும் என் தலையை உருட்டறீங்க?" என்று துண்டால் துடைத்தபடி வந்தார்.

ஃபைலம்மா அவரைக் கெஞ்சவில்லை. வாதம் பண்ணவும் இல்லை. அறிக்கையின் நகலைப் பையிலிருந்து எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அவளுக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தாள்: படித்தாள். கசடு இல்லை என்ற இடத்தில் மேஸ்திரி தலையை ஆட்டினார். மாசற்ற மணற்படுகை என்ற இடத்தில் மீசையைத் தடவினார். நாத்தனார் ஜெயித்த முகத்தோடு நாற்காலியில் சாய்ந்தாள்.

"...'கால்வாய் இவ்விடத்தில் இயற்கையாகவே மீண்டு வருவது'..."

"நில்லு." துண்டு தோளிலிருந்து இறங்கியது. "என்னது?"

"இயற்கையாகவே."

"இயற்கையா? எவன்டா அவன் இயற்கை? நான் சலிச்ச மணலு அது! ஒரு கல்லு இருக்காது, ஒரு கிளிஞ்சல் இருக்காது. மட்டப்பலகை போட்டு இழுத்தவன் நான். இடுப்பு இன்னும் வலிக்குது. பேரு அவனுக்கா?"

"அண்ணா, அது அப்படி இல்ல..." என்று நாத்தனார் எழுந்தாள்.

"நீ சும்மா இரு. நாளைக்கு நான் கட்டின வீட்டையும் தானா முளைச்சுதுன்னு எழுதுவான், கேட்டுக்கிட்டு இருக்கச் சொல்றியா?" ஃபைலம்மா பக்கம் திரும்பினார். "எங்கடி கையெழுத்துப் போடணும்?"

ஃபைலம்மா கண்ணாடியைக் கழற்றினாள். அப்படியே பேனாவை நீட்டியிருக்கலாம். நீட்டவில்லை. "இங்க பாருங்க. பேருக்காகப் போட்டீங்கன்னா வேணாம். நாம செஞ்சதால சேறு மறைஞ்சு போச்சுன்னு எழுதப் போறேன். சொன்னவ நான், போட்டவர் நீங்க. ரெண்டு பேரும் தப்புப் பண்ணியிருக்கோம்னு வரும். அபராதம் வந்தாலும் வரும். முழுசாத் தெரிஞ்சு போடுங்க."

மேஸ்திரி கொல்லைக் கதவைத் திரும்பிப் பார்த்தார். மூடியே கிடக்கிற கதவு. திறந்தால் சாப்பாடு இறங்காது.

"மணல் நல்ல மணல்தானே?" என்று கேட்டார், குரல் இறங்கி.

"மணல் தங்கம். இடம்தான் தப்பு."

"அதையும் எழுது. முதல்ல அதை எழுது."

வெள்ளிக்கிழமை மத்தியானம் கோப்பறையில் ஒரு சின்னச் சிக்கல். ஆட்சேபணை மனுவை வாங்கி முத்திரை போட வேண்டியவள் ஃபைலம்மா. மனு கொடுப்பவளும் ஃபைலம்மா. விதிப் புத்தகத்தைப் புரட்டினாள். ஊழியர் மனு கொடுக்கக் கூடாது என்று எங்கும் இல்லை, மனு மேசைக்கு வெளிப்பக்கத்திலிருந்து தரப்பட வேண்டும் என்று மட்டும் இருந்தது. அடையாள அட்டையைக் கழற்றி வைத்தாள். மேசையைச் சுற்றிப் போய் அந்தப் பக்கம் நின்று, காலி நாற்காலியின் முன்னால் தாளை வைத்தாள். சுற்றி வந்து உட்கார்ந்து, அட்டையை மாட்டி, தாளை எடுத்து, கையெழுத்துகள் சரியா என்று பார்த்து, முத்திரை அடித்தாள். மறுபடி அந்தப் பக்கம் போய் ரசீதை வாங்கிக்கொண்டாள்.

மின்விசிறிக்காரர் ஒரு கண்ணைத் திறந்து, "உங்களுக்கு உடம்பு சரியில்லையாம்மா?" என்றார்.

"நல்லா இருக்கேன் ஐயா. இங்க கூட்டம் ஜாஸ்தி, அவ்வளவுதான்."

பொறியாளருக்குக் காது கேட்டுவிட்டது. தெரியாமல் செய்தது என்று அபராதத்தைத் தள்ளிவிட்டு, மறுமாதிரிக்கு நாளும் குறித்தார்.

அந்த வாரம் ஃபைலம்மாவுக்குப் பெரிய பாடு கால்வாயோடு இல்லை, தெருவோடுதான். விருந்தாளி வருகிறான், கழுவக் கூடாது என்றால் எந்தக் கை கேட்கும்? இரண்டு வீட்டில் வாளியைப் பிடுங்கினாள். நாத்தனார் கரைப் பக்கம் விளக்குமாற்றோடு போனதைப் பார்த்து ஓடினாள்.

"பெருக்க வரல அண்ணி. சும்மா கையில வெச்சிருக்கேன். இல்லாம நின்னா ஒரு மாதிரி இருக்கு."

"வெச்சுக்கோ. ஆனா தரையில படக் கூடாது."

மாதிரி எடுக்கும் நாளில் தெரு முழுக்க கரையில் நின்றது. இந்தத் தடவை நீளக் குழாய். மேஸ்திரி அதிகாரிகளுக்குப் பின்னாலேயே நின்று அதட்டினார். "இறக்குங்க, இன்னும் இறக்குங்க. இது என் மணல். என்னுது எல்லாம் முடியட்டும். அதுக்குக் கீழ வர்றதுதான் ஆலைக்காரனோடது."

குழாய் மேலே வந்தது. மேலே ஒரு சாண் வெளுப்பு. அதற்குக் கீழே தார் மாதிரிக் கறுப்பு, ஓரத்தில் எண்ணெயின் வானவில், அதற்கும் கீழே ஒரு பச்சை. ஃபைலம்மா சின்ன வயதில் பார்த்த ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமையின் பச்சை. பின்னாலேயே அந்த வாடை வந்தது. அதிகாரிகள் இரண்டடி பின்வாங்கினார்கள். தெரு ஒரே குரலில் ஆரவாரம் செய்தது. தன் நாற்றம் நிரூபணமானதற்குக் கைதட்டிய ஒரே தெரு அதுவாகத்தான் இருக்கும். அதிகமாகத் தட்டியது நாத்தனார். விளக்குமாற்றைக் கக்கத்தில் இடுக்கியிருந்தாள்.

பொறியாளர் மூக்கில் கைக்குட்டையோடு படிவத்தை நிரப்பினார். நிறம், ஆழம், ஈரம். ஃபைலம்மா தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள்.

"நாத்தம்னு போடலையே சார்?"

"நாத்தத்துக்குப் படிவத்துல கட்டம் இல்லம்மா."

"ஓரத்துல இடம் இருக்கு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் நகரவில்லை. ஓரத்தில், சின்ன எழுத்தில், 'கடும் துர்நாற்றம்' என்று எழுதினார்.

"கொஞ்சம் பெருசா எழுதுங்க சார்" என்றாள் ஃபைலம்மா. "கண்ணாடி இல்லாதவங்களும் படிக்க வருவாங்க."

வளைவு திட்டத்தில் ஏறியது. பாலத்தடியில் கிடந்த மிதவை ஒரு காலை கயிற்றை அவிழ்த்துக்கொண்டு, அவள் வேலைக்குக் கிளம்பும் நேரத்துக்கு, அவள் வீட்டுக் கொல்லைக்கு நேராக வந்து நின்று முதல் வாளியை இறக்கியது.