மூன்று தொட்டிகளும் முருகேசன் மாஸ்டரும்

வெள்ளிக்கிழமை காலைத் திருப்பலி முடிந்து கோயில் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர்க் கல்யாண மண்டபக் குழுவின் தலைவர் வந்து நின்றார். "நம்ம முருகேசன் மாஸ்டர் விடியக்காலம் தருமபுரி ஆஸ்பத்திரியில போயிட்டாருங்க. நெஞ்சு வலியாம்" என்றார். சிலுவை போட நெற்றிக்குப் போன என் கை இன்னும் நெஞ்சுக்கு வரவில்லை. அவர் அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார். "பாவம், நல்ல மனுசன். இனிமே மண்டபத்துக்குப் பின்னால இருக்கிற அந்த மூணு தொட்டியையும் மூடிடலாம். கேக்கறதுக்கு ஆளில்ல."

கேட்பதற்கு ஆள் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இறந்தவரைப் பற்றி எழுதும்போது கண் கலங்க வேண்டும் என்பார்கள். எனக்குக் கலங்கவில்லை. கோயில் வாசல் என்பதால் அன்றைக்கு வாயை அடக்கிக்கொண்டேன். இங்கே அடக்கப்போவதில்லை.

கடத்தூர், பாப்பிரெட்டிப்பட்டி, நல்லம்பள்ளிப் பக்கங்களில் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டவர்கள் மாஸ்டரின் கைப்பக்குவம் அறியாமல் இருக்க முடியாது. முருகனைக் கும்பிடுகிறவர், ஆனாலும் எங்கள் அந்தோணியார் திருவிழாச் சாப்பாடு வருடா வருடம் அவர் பொறுப்புதான். நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறவள். எட்டாவதோடு படிப்பு நின்றது. வீட்டு வரவு செலவை ஒழுங்காக எழுதுகிறேன் என்று எங்கள் மாதர் சங்கம் மண்டபக் கணக்கையும் என் தலையில் கட்டியது. அதனால் மாஸ்டர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "கணக்கம்மா" என்பார். அந்தக் குரல் சமையல்கட்டில் எழுந்தால் பந்தியில் இருப்பவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள்.

எங்கள் மண்டபத்துக்கு அவர் முதன்முதலாகச் சமைக்க வந்த நாள் நினைவிருக்கிறது. மளிகை இறங்கிவிட்டது, விறகு அடுக்கியாயிற்று. பெண் வீட்டார் கற்பூரத் தட்டோடு அடுப்பைப் பார்த்து நிற்கிறார்கள். மாஸ்டர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார். "அடுப்பு கெடக்குது. மொதல்ல கழுவுற தண்ணி எங்க போவுதுன்னு காட்டுங்க" என்றார். பெண்ணின் தாய்மாமன் சிரித்துவிட்டார். "மாஸ்டர் சமைக்க வந்தாரா, சாக்கடை தூர்வார வந்தாரா?" மாஸ்டர் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நான் ஆக்கிப்போடறது நாளைக்குள்ள செமிச்சிரும்ங்க. நீங்க கழுவி ஊத்தறது செமிக்காது. அது எங்கியோ போயி யாருக்கோ காத்துக்கிட்டு ஒக்காந்திருக்கும்."

யாருக்காகக் காத்திருக்கும் என்பதை ஒரே ஒரு முறை சொன்னார். வேறு மாவட்டத்தில், வேறொரு மண்டபத்தில் நடந்தது. பந்தி நடக்கும்போதே கைகழுவும் இடத்தில் தண்ணீர் எதிர்த்து வந்திருக்கிறது. மண்டபத்துக்காரர்கள், மாஸ்டரோடு பாத்திரம் கழுவ வந்திருந்த அவருடைய மைத்துனனைக் கழிவுத் தொட்டிக்குள் இறக்கினார்கள். இறங்கியவன் ஏறவில்லை. உள்ளே இருந்த காற்றே விஷம். மாஸ்டர் அப்போது பாயசத்துக்கு முந்திரி வறுத்துக்கொண்டிருந்தாராம். "மேல மெதந்ததெல்லாம் நான் காலையில தாளிச்ச எண்ணெய்ங்க, கணக்கம்மா" என்றார். உடனே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பெண்களிடம் போய், வழக்கம்போல், கல்யாணப் பெண் மாதிரி சும்மா உட்கார்ந்திருக்கிறீர்களா என்று கத்த ஆரம்பித்துவிட்டார்.

எங்கள் மண்டபத்துக் கழிவுநீர் குழாய் வழியாகக் கீழவீதிக்கு அடியில் போகிறது. அங்கே அடிக்கடி பொங்கியது. சுத்தப்படுத்தி வெளியே விடாவிட்டால் மண்டபத்தைப் பூட்டிவிடுவோம் என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். குழு கூடியது. ஆழமாக ஒரே தொட்டி, மேலே கான்கிரீட் மூடி, வேலை முடிந்தது என்று தலைவர் சொன்னார். பின்பக்கக் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்த மாஸ்டர் கூப்பிடாமலே உள்ளே வந்தார். "ஆள் எறங்குற ஆழத்துக்குத் தோண்டினீங்கன்னா, ஒரு நாளைக்கு ஆளை எறக்குவீங்க" என்றார். தொட்டிக்கு வரைபடம் போட அன்று வந்திருந்த பொறியாளர் தலையாட்டி, காகிதத்தை அவர் பக்கம் திருப்பி வைத்து, எப்படி வேண்டும் என்று கேட்டார். இரண்டு பேரும் மத்தியானம் வரை பேசினார்கள்.

அப்படி வந்தவைதான் அந்த மூன்று தொட்டிகள். முதலாவதில் கம்பி வரிசையும் ஒரு கூடையும் இருக்கும். கறிவேப்பிலை, எலும்பு, இலைக் கிழிசல் எல்லாம் அங்கேயே சிக்கிக்கொள்ளும். இரண்டாவது நீளமானது, ஆழமில்லாதது. அங்கே தண்ணீர் ஓட்டம் குறைந்து நடக்கும். அண்டா தேய்த்த மணலும் சாம்பலும், சேனைக்கிழங்கு கழுவிய மண்ணும் அடியில் தங்கிவிடும். மூன்றாவது எண்ணெய்க்கு. வெளியே போகும் குழாயின் வாய் அதில் கீழே இருக்கும். எண்ணெயும் கொழுப்பும் மேலே மிதந்து அங்கேயே நின்றுவிடும். மூன்றையும் தரையில் நின்றபடியே சுத்தம் செய்யலாம். கூடையைக் கொக்கியால் தூக்கலாம், மணலை நீளப்பிடி மண்வெட்டியால் வாரலாம், கொழுப்பை ஓட்டைக் கரண்டியால் வழித்தெடுக்கலாம். ஒருவர் இறங்க நினைத்தாலும் முழங்காலுக்கு மேல் நனையாது.

பிரியாணிக்கு மசாலா அளவு கேட்டால் மாஸ்டர் வாயே திறக்க மாட்டார். கம்பிக்குக் கம்பி எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். நாற்காலி போட்டு உட்காரவைத்துச் சொல்லுவார். கூடையைக் காலி செய்யாத மண்டபத்தில் அவர் அடுப்பு மூட்டியதில்லை. முகூர்த்தம் நெருங்கினாலும் சரி, மாப்பிள்ளையின் அப்பா காலைப் பிடித்தாலும் சரி. மாதக் கணக்கு வாசிக்கும்போது "கொழுப்பு அள்ளிய கூலி" என்று நான் படித்ததும் தலைவர், "இந்த ஊருல யாருக்கு இவ்வளவு கொழுப்புன்னு தெரியலியே" என்று என்னைப் பார்த்தே சிரித்தார். நான் அடுத்த வரியைப் படித்தேன்.

திருவிழாவன்று நடந்ததை ஊரே பார்த்தது; ஆனால் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். நடந்தது இதுதான். பெரிய விருந்தாளிகள் வருகிறார்களே, தொட்டி நாறக்கூடாதே என்று எங்கள் சங்கப் பெண்கள் சிலர் அண்டா அண்டாவாகக் கொதிக்கிற வெந்நீரையும் சோடா உப்பையும் மூன்றாவது தொட்டியில் ஊற்றிவிட்டார்கள். வீட்டில் எண்ணெய்ச் சட்டியை அப்படித்தானே கழுவுகிறோம். தொட்டி பளிச்சென்று ஆகிவிட்டது. உருகிய கொழுப்பு முழுவதும் தண்ணீரோடு போய், கீழவீதிக் குழாயில் ஆறி, மெழுகுவர்த்தி மாதிரி இறுகிவிட்டது. சாயங்காலம் தேர் கிளம்பும் நேரத்தில் கீழவீதி மேன்ஹோலிலிருந்து சாக்கடை பொங்கித் தெருவில் ஓடியது.

மாஸ்டர் கரண்டியை உதவியாளிடம் கொடுத்துவிட்டு வந்தார். விஷயத்தைக் கேட்டதும் பெண்களைப் பார்த்து, "வெந்நி ஊத்தினா கொழுப்பு செத்தா போவும்? அடுத்த வூட்டுக்குக் குடி போவும். அவ்வளவுதான்" என்றார். அடைப்பெடுக்கும் லாரிக்குத் தருமபுரிக்குப் போன் போட்டார். தலைவருக்கு அதுவரை பொறுமை இல்லை. "சின்னப்பனைக் கூப்பிடுங்க. பத்து நிமிசத்துல குத்தி விட்டுட்டு ஏறிடுவான்." சின்னப்பன் கீழவீதிக்காரர், கூலி வேலை செய்பவர். இடுப்பில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு வந்தே விட்டார். மாஸ்டர் போய் அந்த மேன்ஹோல் மூடியின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சாக்கடைத் தண்ணீர் வேட்டியை நனைத்தது.

"மாஸ்டர், எந்திரிங்க. நான் பாத்துக்கறேன்" என்றார் சின்னப்பன்.

"பொண்டாட்டிகிட்ட கேட்டியாடா?"

"அவகிட்ட கேட்டா, போய்த் தொலைன்னுதான் சொல்லுவா."

கூட்டம் சிரித்தது. சின்னப்பனின் மனைவி புஷ்பம் சிரிக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, புருஷன் இடுப்பிலிருந்த கயிற்றை எல்லார் முன்னாலும் அவிழ்த்துச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

தலைவர் என்னிடம் வந்தார். "ரோசலின், நீங்களாவது சொல்லுங்க. தேர் நிக்குது. அந்தோணியாரைத் தெருவுல நிக்க வெக்கறது பாவமில்லீங்களா?" பிறந்ததிலிருந்து தேர் நின்று நான் பார்த்ததில்லை. ஆனாலும் சொன்னேன். "அந்தோணியாருக்கு ஒண்ணும் அவசரமில்லீங்க. அவரு நிப்பாரு. அவசரம் உங்களுக்குத்தான்." பிறகு செபமாலையை எடுத்துத் தொடங்கினேன். பெண்கள் பதில் சொன்னார்கள். தேருக்குப் பின்னால் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். இன்னொரு மதத்துச் சமையல்காரர் சாக்கடை மூடியின் மேல் உட்கார்ந்திருக்க, அவரைச் சுற்றி நின்று ஊர் செபம் சொல்லியது. லாரி வந்து குழாயைக் குத்திவிட்டுப் போன பிறகே தேர் நகர்ந்தது. மாஸ்டர் எழுந்து வேட்டியைப் பிழிந்துகொண்டு, "சாம்பார் அடி புடிச்சிருந்தா ஒருத்தரையும் விடமாட்டேன்" என்று கத்திக்கொண்டே ஓடினார்.

அந்த மனிதர் இப்போது இல்லை. அவருக்குக் காரியம் முடிந்த மறுநாளே மண்டபத்தின் பின்பக்கம் பொக்லைன் இயந்திரம் வந்து நின்றது. தொட்டிகளை மூடிவிட்டு ஆழமாக ஒரே தொட்டி எடுத்து, அதன்மேல் கார் நிறுத்த இடம் போடப்போகிறார்களாம். குழுவில் யாரையும் கேட்கவில்லை. எனக்குப் புஷ்பம்தான் ஓடிவந்து சொன்னாள். நாங்கள் இருவரும் போனோம். போகிற வழியில் கீழவீதிப் பெண்கள் இன்னும் சிலர் சேர்ந்துகொண்டார்கள். நான் யாரோடும் சண்டை போடவில்லை. மூன்று மூடிகளையும் திறந்தேன். மாஸ்டர் போன பிறகு யாரும் தொடாத கொழுப்பு மஞ்சள் ஏடாகக் கட்டியிருந்தது. ஓட்டைக் கரண்டியை எடுத்து வழிக்க ஆரம்பித்தேன். வாடை எழுந்ததும் பொக்லைன் ஓட்டுநர் துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு இறங்கி, வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார்.

தலைவர் கைக்குட்டையோடு தூரத்திலேயே நின்றார். "உங்களுக்கு எதுக்குங்க இந்த வேலை?"

"மண்டபத்துல ஆக்குன கறிக்கொழம்பு எல்லாருந்தானே சாப்புட்டோம். அதுதாங்க இது" என்றேன்.

"ஆழமா ஒண்ணு போட்டுட்டா வருசத்துக்கு ஒரு தரம் சுத்தம் பண்ணாப் போதும். தெனமும் இந்தக் கருமம் வேணாமில்ல?"

"வருசத்துக்கு ஒரு தரம் யாரு எறங்குவாங்க?"

"அது அப்பப்ப ஆள் பாத்துக்கலாம்."

"இப்பவே சொல்லுங்க. எறங்கப்போற ஆளோட பேரைச் சொல்லுங்க. சொன்னீங்கன்னா மெசினுக்கு நானே வழி விடறேன்."

அவர் என்னைப் பார்த்தார். என் பக்கத்தில் வாளியைப் பிடித்துக்கொண்டிருந்த புஷ்பத்தைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த பெயர் ஒன்றுதான். அந்தப் பெயரின் பெண்டாட்டி எதிரே நிற்கிறாள். மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுக்காமலே, "நீங்க என்னாத்துக்கு இப்படிக் கோவப்படறீங்க?" என்றார். பொக்லைன் திரும்பிப் போய்விட்டது. மறுபடியும் வரும், எனக்குத் தெரியும். வரட்டும். வேலைக்கான செலவுச் சீட்டில் என் கையெழுத்தும் வேண்டும், அது கிடைக்காது. நான் இல்லாத நாளில் வந்தால் கீழவீதிப் பெண்கள் இருப்பார்கள்.

மாஸ்டரை அறிந்தவர்களே, அவருக்குப் படம் திறக்க வேண்டாம், மாலை வேண்டாம். உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு மண்டபம் பார்க்கப் போனால் அலங்காரத்தைப் பார்ப்பதற்கு முன் பின்பக்கம் போய்ப் பாருங்கள். மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அவருடைய சமையல் பக்குவம் எனக்கு வராது. அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அவருடைய கோபத்தைத்தான். மாதா மாதம் பாவசங்கீர்த்தனத்தில் என் கோபங்களை ஒன்றுவிடாமல் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கிறவள் நான். பிள்ளைகள்மேல் பட்டது, வீட்டுக்காரர்மேல் பட்டது, எல்லாவற்றையும் சொல்வேன். இந்த மாதமும் போனேன். இது ஒன்றை மட்டும் சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை.