சுகந்தி வீட்டுப் போர்த் தண்ணீர்

தாம்பரம் ஸ்டேஷன் படியேறிக்கொண்டிருந்தபோது சுகந்தியின் கணவர் அழைத்தார். "சார், சுகந்தி போயிட்டா" என்றார். ஏறிய படியிலேயே திரும்பி இறங்கினேன்.

ஆய்வகத்தில் நாங்கள் ஒரே மேசைக்காரர்கள். பாக்டீரியாவின் மரபணு சேதமடைந்தால் அதைச் சரிசெய்ய உள்ளே ஓர் அவசர ஏற்பாடு விழித்துக்கொள்ளும். சுகந்தி அதோடு ஒளிவிடும் மரபணு ஒன்றை இணைத்தார். தண்ணீரில் மரபணுவைச் சிதைக்கும் ரசாயனம் இருந்தால் பாக்டீரியா ஒளிரும். "காட்டிக்கொடுக்கிற பசங்க" என்பார் செல்லமாக.

முதல்முறை ஏரித் தண்ணீரைச் சோதித்தபோது பாக்டீரியா வளர்த்த எல்லாத் தட்டுகளும் ஒளிர்ந்தன. நாங்கள் மைசூர்பாக்கே வாங்கிவிட்டோம். சுகந்தி மட்டும் முகம் சுளித்தார். "சுத்தத் தண்ணி வச்ச தட்டும் எரியுதே, அது எப்டி?" பார்த்தால், கிருமி கொல்லும் புற ஊதா விளக்கை அணைக்காமலே தட்டுகளை அதன் கீழே வைத்திருக்கிறோம். மரபணுவைச் சிதைத்தது அந்த வெளிச்சம். "பசங்க வேலை செய்றாங்கல்ல? சாப்பிடுங்க" என்று சிரித்தபடி முதல் துண்டை அவரே எடுத்துக்கொண்டார். அவரை அறிந்தவர்களுக்கு அந்தச் சிரிப்பு தெரியும்.

போன வருஷம் அவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. செம்பாக்கத்தில் அவர் தெருவே போர்த் தண்ணீரைத்தான் சந்தேகித்தது. சிகிச்சைக்கு நடுவே அந்தத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வந்தார். தட்டு ஒளிரவில்லை. எனக்கு நிம்மதி. அவருக்கோ ஆர்வம் கூடிவிட்டது.

"சில கெமிக்கல் நம்ம ஈரல்ல போய் மாறினப்புறம்தான் விஷமாகும். பாக்டீரியாவுக்கு ஈரல் ஏது?"

ஈரலின் அந்த வேலையைச் செய்யும் மனித மரபணு ஒன்றைப் பாக்டீரியாவுக்குள் புகுத்தத் தொடங்கினார். தலைமுடி கொட்டிய நாட்களிலும் வந்தார். வேலை பாதியில் நின்றது.

சாவு வீட்டில் பக்கத்து வீட்டு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "தண்ணியாலதானா சார்? எங்க வீட்லயும் அதே தண்ணிதான். பசங்க இருக்காங்க."

இல்லை என்று சொல்லியிருந்தால் அவர் அன்று தூங்கியிருப்பார். ஆமாம் என்றிருந்தால் தெருவே நம்பியிருக்கும். "இன்னும் தெரியலம்மா. பாத்துட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் குடிக்க வேற தண்ணி வாங்குங்க" என்றேன்.

சுகந்தியிடமிருந்து எனக்குக் கிடைத்தது, தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் துணிவு. அவர் பாதியில் விட்ட பாக்டீரியா இப்போது என் பொறுப்பில் வளர்கிறது. பதில் என்னவென்று அறிய எனக்கும் ஆவலாக இருக்கிறது. அது தெரியும் நாளில், ஓடிப்போய்ச் சொல்ல அவர் இருக்கமாட்டார்.