பாதியில் நிறுத்தப் பழகுதல்

"நம்பர் ப்ளீஸ்..."

போன சனிக்கிழமை அச்சாபீஸில் டெலிபோனை எடுத்தேன். கரகரப்புக்கு நடுவே ஒரு பெண் குரல். நல்ல குரல்தான். ஆனால் சரோஜாவின் குரல் இல்லை!

என் மனைவி சரோஜா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். ரிசீவரை எடுத்தால் பாதி நாள் அவள்தான் பேசுவாள் — என்னை யாரென்றே தெரியாத மரியாதையோடு! அன்று அவள் நீண்ட லீவில் இருந்தாள். மறுநாள் ஞாயிறோடு அது முடிகிறது. இனிக் கேட்க லீவு பாக்கி இல்லை. திங்களன்று போக வேண்டும்... இல்லை, வேலையே வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

என்ன வியாதி? களைப்பு. தூங்கி எழுந்தாலும் போகாத களைப்பு. தலை வாரக் கையைத் தூக்கினால் சீப்பு பாதியில் நிற்கும். டாக்டர் ரத்தம் பார்த்தார், ஒன்றுமில்லை என்றார், டானிக் எழுதினார். ஜன்னலில் பாட்டில்கள் வரிசை கட்டின.

"ஒண்ணுமில்லாததுக்கு இத்தனை பாட்டிலுங்களா?" என்றாள் சரோஜா.

நம் ஊரில் களைப்புக்கு இரண்டே பெயர்கள் — வியாதி, இல்லாவிட்டால் சோம்பல். மூன்றாவதாக ஒன்று இருக்கக்கூடாதா?

இருக்கலாம் என்றார் பாத்திமா. எங்கள் ஊர்க் கோட்டைமேட்டுப் பெண், மதராஸில் பிஸியோதெரபி படித்துவிட்டு வந்தவர். சரோஜாவை நாற்காலியில் உட்காரவைத்து, எதிர்ச் சுவரை, பிளக் சொருகி லைன் கொடுக்கும் எக்ஸ்சேஞ்ச் போர்டாக நினைத்துக் கையை நீட்டச் சொன்னார். நீட்டினாள். தோள் காதுவரை ஏறியது. மூச்சு நின்றது. கால் விரல்கள் தரையைக் கவ்வின.

"ஏனுங்கக்கா, ஒரு பிளக்கைச் சொருக எதுக்குங்க உடம்பு பூராவும் வேலைக்கு வருது? கை மட்டும் வந்தாப் போதாதுங்களா?"

நிமிர்ந்து நில் என்று நம்மை எத்தனையோ பேர் அதட்டியிருக்கிறார்கள். இளகி நில் என்று யாராவது சொன்னார்களா?

பாடம் எளியது. கையைத் தூக்குமுன் ஒரு கணம் சும்மா இருப்பது, கழுத்தைத் தளரவிடுவது, அப்புறம் கை. பகலில் கொஞ்ச நேரம் தரையில் மல்லாந்து, முழங்காலை மடக்கி, தலைக்கடியில் புத்தகம் வைத்துக் கண் திறந்து கிடப்பது. உயரத்துக்குச் சரியாக வந்தவை என் கவிதைத் தொகுப்பின் இரண்டு பிரதிகள். விற்காத பிரதிகளுக்கா வீட்டில் பஞ்சம்?

என் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏனம்மிணி, புத்தகத்து மேல தலைய வெக்கலாமா? சரசுவதி இல்லியா?"

"இது உங்க பையன் எழுதுனதுங்கத்தை."

அம்மா யோசித்தாள். "அப்பச் செரி."

நடுவே ஒரு நாள் சரோஜாவுக்கு உடம்பு நன்றாக இருந்தது. அந்த உற்சாகத்தில் வீட்டுப் போர்வைகளையெல்லாம் துவைத்துப் போட்டுவிட்டாள். மறுநாள் எழ முடியவில்லை. அதற்கு மறுநாளும்.

பாத்திமா கோபிக்கவில்லை. "நல்ல நாள்லயும் பாதியில நிறுத்தோணுங்கக்கா. தெம்பு தீர்ந்த பொறவு எல்லாருந்தான் நிறுத்துவாங்க. மிச்சம் இருக்கறப்பவே நிறுத்தோணும்."

மில் சங்கு ஊதுமுன்பே வாசலில் நிற்கிற ஊர் இது. இங்கே ஒருத்தியிடம் வேலையைப் பாதியில் விடச் சொல்வதா! நாற்காலியில் உட்காருவதையும் படுப்பதையும்விட இதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. ஒரு காலை, கீரையைப் பாதி ஆய்ந்தவள் அப்படியே வைத்துவிட்டுப் போய்ப் படுத்தாள். அம்மா முறத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மிச்சத்தை அவளே ஆய்ந்து முடித்தாள்... எங்கள் வீட்டில் அது சின்ன விஷயமா?

குணமாகிவிட்டதா என்று கேட்பீர்கள். இல்லை. களைப்பு இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. முன்போல் சொல்லாமல் கொள்ளாமல் வந்து ஆளைச் சாய்ப்பதில்லை, அவ்வளவுதான்.

திங்கள் காலை எக்ஸ்சேஞ்ச் வாசல்வரை கூடவே போனேன். போகும் வழியெல்லாம் அவளைவிட எனக்குத்தான் அதிகம் வியர்த்தது.

"முடியலீன்னா உடனே வந்துரு சரோஜா. வேலைய எழுதிக் குடுத்துரலாம்."

படியில் கால் வைக்குமுன் நின்றாள். தோள்கள் மெல்ல இறங்கின. திரும்பிச் சிரித்தாள்.

"அதெல்லாம் எழுத வேண்டாமுங்க. பொழுதோட சோத்தை நீங்க ஆக்கி வெச்சிருங்க... வந்ததும் நான் படுக்கோணும்."