ஆஸ்பத்திரி மேரியின் இலைகள்

எங்கள் அத்தை சட்டைத் தொழிற்சாலையில் செக்கிங். தைத்து வரும் சட்டையை மேசையில் விரித்து, காலரைத் தடவி, பிசிறு, கறை, விட்ட தையல் எல்லாவற்றையும் கண்ணாலேயே பிடித்துவிடுவாள். பிடித்த இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர். வீட்டிலும் இதே கதைதான். மாமா வேலைக்குக் கிளம்பும்போது அவள் முன்னால் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டுத்தான் வாசலைத் தாண்ட முடியும்.

அப்பேர்ப்பட்டவள் பாஸ் பண்ணிய சட்டைகளில் ஒரு கட்டு திரும்பி வந்தது. பாக்கெட்டுகளில் துணியின் உள்பக்கம் வெளியே தெரிந்தது.

"அக்கா, வயசாகுதுல்ல, கண்ணு முன்ன மாதிரி இருக்காது," என்றார் சூப்பர்வைசர். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா பேக்கிங்குக்கு மாத்திடுறேன்."

பேக்கிங் அவளுக்குப் பெரிய விஷயமில்லை. கண் போய்விட்டது என்று அந்த ஹால் முழுக்கப் பேசுமே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

அவளைத் தேற்றலாம் என்று மாமா நர்சரியிலிருந்து ஒரு பூந்தொட்டி வாங்கி வந்தார். ஆல்ஸ்ட்ரோமீரியா. இரண்டு மொழியில் படித்த எனக்கே அந்தப் பெயரில் நாக்கு சுளுக்கும். மாமா வீட்டுக்குள் நுழைவதற்குள் அதை 'ஆஸ்பத்திரி மேரி' ஆக்கிவிட்டார்.

அத்தை தொட்டியைச் சுற்றி வந்தாள். "இதழ்ல யாரோ பேனாவால கிறுக்கியிருக்காங்க."

"அது டிசைன்டி."

"சரி, டிசைன். இலைக்கு என்ன சொல்றீங்க? எல்லாம் தலைகீழா இருக்கு. சட்டைக் கையைத் திருகித் தச்ச மாதிரி காம்புல ஒரு முறுக்கு. கீழ இருக்கவேண்டிய பக்கம் மேல வந்திருக்கு."

மாமா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றியும் பார்த்தார். "ரெண்டு பக்கமும் பச்சையாத்தானே இருக்கு?"

என்னைக் கூப்பிட்டார்கள். எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. "லேசா அப்படி இருக்கு, ஆனா இல்ல அத்தை," என்று இழுத்தேன்.

அத்தையின் முகம் விழுந்துவிட்டது. "அப்ப நிஜமாவே கண்ணு போச்சு."

ஆனால் கை சும்மா இருக்குமா? துணிக் கிளிப்புகளை எடுத்து வந்து, ஒவ்வொரு இலையையும் திருப்பிக் கிளிப் போட்டாள். "செடிக்கு எதுக்குடி பல்லுக் கம்பி?" என்றார் மாமா. கிளிப்பை எடுத்ததும் இலைகள் பழையபடி திரும்பிக்கொண்டன. திரும்பாதவை ஒடிந்தன. செடி வாடத் தொடங்கியது. பீஸ் டேமேஜ் என்று சொல்லி, என்னையும் தொட்டியையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

"மாத்திக் குடுங்க," என்றாள் நர்சரிக்காரரிடம்.

அவர் வேறொரு தொட்டியை நீட்டினார். அத்தை ஒரு இலையைப் புரட்டினாள். "ரிஜெக்ட்." அடுத்தது. "ரிஜெக்ட்." வரிசை முடிந்ததும் பெருமூச்சு விட்டாள். "லாட்டே ரிஜெக்ட்டுங்க. இல்லைன்னா என் கண்ணுதான் ரிஜெக்ட்."

நர்சரிக்காரர் சிரித்துவிட்டார். "கண்ணெல்லாம் சரியாத்தான் இருக்கு அக்கா. இந்தச் செடிக்கு இலை வரும்போதே காம்புல ஒரு முறுக்கு முறுக்கிக்கும். அடிப்பக்கம் மேல வந்துடும். அதோட பொறப்பு அப்படி."

"அப்ப தப்பாத்தான் இருக்கு?"

"தப்பா இருக்கிறதுதான் இதுக்குச் சரி."

அத்தைக்குக் கண்ணில் நீர் முட்டியது. ரிஜெக்ட் பண்ணிய லாட்டையே வாங்கிக்கொண்டாள். அவர் சொன்ன பக்குவத்தையும் கேட்டுக்கொண்டாள்: இலைக்குக் கிளிப் போடக் கூடாது, வேர் சூடாகக் கூடாது, தண்ணீர் தேங்கக் கூடாது. செடி நன்றாக ஊன்றிய பிறகு பூ வேண்டுமானால் கத்தரிக்கோல் வைக்கக் கூடாது. தண்டை அடியில் பிடித்து வெடுக்கென்று இழுத்து உருவ வேண்டும், அப்போதுதான் புதுக் குருத்து கிளம்பும்.

தொழிற்சாலையில் வீணாகும் பருத்தித் துண்டுகளை வேரைச் சுற்றிப் பரப்பினாள். குருத்துகள் முளைத்தன, வந்த இலையெல்லாம் தலைகீழ். வீட்டுக்கு வருகிறவர்களை நிறுத்தி, "என்ன தப்பு, சொல்லுங்க பார்ப்போம்?" என்பாள். யாருக்கும் தெரியாது. அத்தை பூரித்துப் போவாள். பிறகு ஒரு தண்டை வெடுக்கென்று உருவிக் கையில் கொடுத்து அனுப்புவாள்.

வினை அங்கேதான் தொடங்கியது. சில மாதம் கழித்து ஒரு கட்டுச் சட்டை முழுக்கக் காலர் திருகித் தைத்து வந்தது. அத்தை எல்லாவற்றையும் பாஸ் பண்ணிவிட்டாள். சூப்பர்வைசர் ஒரு சட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"அக்கா! இது கண்ணுல படலையா?"

"படாம என்ன? காலர்ல முறுக்கு. அடிப்பக்கம் மேல வந்திருக்கு. எல்லாத்துலயும் அப்படித்தான்."

"பாத்துட்டா பாஸ் பண்ணீங்க?"

"ஒண்ணு ரெண்டுல இருந்தா தப்பு. ஒண்ணு விடாம இருக்கே, அதோட பொறப்பே இப்படியோன்னு விட்டுட்டேன்."

தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. சூப்பர்வைசர் தலையில் கை வைத்துக்கொண்டு ஹால் முழுக்கக் கேட்கும்படி கத்தினார். "இந்த அம்மா கண்ணுல ஒரு குறையும் இல்ல! புத்தியிலதான்! நாளையிலிருந்து பேக்கிங்!"

"இன்னொரு தடவை சொல்லுங்க சார்," என்றாள் அத்தை.

"பேக்கிங்!"

"அது இல்ல, அதுக்கு முன்னாடி சொன்னீங்களே."

"கண்ணுல ஒரு குறையும் இல்ல!"

"எல்லாரும் கேட்டுக்குங்க," என்று ஹாலைப் பார்த்துச் சொல்லிவிட்டு, தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு பேக்கிங் பக்கம் நடந்தாள்.