சண்டைக்காரிகளும் நூல்பந்தும்

மூலக்குளத்தில் வாடகை ஹால். "மகளிர் தலைமைத்துவப் பயிற்சி, மனநல ஆதரவு" என்று பேனர். நான் அங்கே ஃபீல்டு ஆர்கனைசர். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

வந்தவர்கள் இரண்டு மீனவக் கிராமங்களின் மீன்காரப் பெண்கள். அஞ்சலை ஒரு ஊர், கஸ்தூரி இன்னொரு ஊர். அஞ்சலையின் ஊர் சுருக்குமடி வலை போடும். அது குஞ்சு மீனையும் வாரிவிடும் என்று கஸ்தூரியின் ஊர் எதிர்க்கும். கடலில் அடிதடி, கரையில் போலீஸ். அதற்குப் பிறகு பெரிய மார்க்கெட்டில் அஞ்சலையின் ஊர்க்காரிகள் கஸ்தூரியை உட்கார விடவில்லை. கூடையைத் தூக்கி வெளியே வைத்தார்கள். அவள் முத்தியால்பேட்டையில் தெருத்தெருவாக மீன் சுமந்தாள். அவளுக்குத் தலைமைத்துவம் வேண்டாம், பழைய இடம் வேண்டும்.

வெளியூரிலிருந்து வந்த ட்ரெயினர் மேடம் நூல்பந்தை எடுத்தார். ஒருத்தி நூலைப் பிடித்துக்கொண்டு பந்தை இன்னொருத்திக்கு வீச வேண்டும். கடைசியில் கைதட்டினார்: "பாருங்க, எல்லாரும் சேர்ந்து அழகா ஒரு வலை பின்னிட்டோம்!"

வலைக்காக மண்டை உடைந்த வீடுகளுக்கு ஒற்றுமை வலை! இது வேண்டாம் என்று மேடத்திடம் முந்தின நாளே சொன்னேன். "மாட்யூலை மாத்த முடியாது" என்றார்.

கஸ்தூரி நூலைக் கீழே போட்டாள். "இன்னாம்மா, நக்கலா? வலைய எதுத்துக் கேட்டதுக்குத்தான் எம்புருசன் கை ஒடிஞ்சு கெடக்குறான்."

அஞ்சலை எழுந்தாள். "எங்க படகக் கொளுத்துனது யாருடி?"

"கொளுத்துனவன கேளு. எங்கூடைய ஏண்டி தூக்குன?"

மேடம் வெளிறிப்போனார். "நெகட்டிவ் எமோஷன்ஸ் வேண்டாம். எல்லாரும் கண்ண மூடி மூச்ச இழுங்க."

"நீங்க கொஞ்சம் வாய மூடுங்க மேடம்" என்றேன்.

இருவரும் கத்தித் தீர்த்தார்கள். கத்திக்கொண்டே இருந்த அஞ்சலை சட்டென்று அழுதாள். போலீசுக்குப் பயந்து ஓடிப்போன மகன் இன்னும் வீடு திரும்பவில்லையாம். கஸ்தூரி தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் தள்ளினாள்.

குடித்துவிட்டு அஞ்சலை சொன்னாள்: "நாளைக்கு மார்க்கெட்டுக்கு வா. எம் பக்கத்துல கூடைய வையி. எவ தூக்குறான்னு பாக்குறேன்."

மறுநாள் கஸ்தூரி அங்கே உட்கார்ந்தாள். ஆபீஸ் ரிப்போர்ட்டில் நூல்பந்துப் பயிற்சி மாபெரும் வெற்றி. அட்டையிலும் அந்த நூல் போட்டோதான்.

பயிற்சி கொடுக்கப் போகிறவர்களே, சண்டை எதனால் என்று முதலில் கேளுங்கள். அவர்கள் சண்டை போட்டால் போட விடுங்கள்.

போன வாரம் மீன் வாங்கப் போனேன். அஞ்சலையின் பக்கத்தில் உட்கார்ந்து சங்கரா மீன் அரிந்துகொண்டே கஸ்தூரி கேட்டாள்: "அந்த நூல்கார அம்மா திரும்ப வருதாக்கா? வந்தா நூலு வேணாம்னு சொல்லு. ரெண்டு பேருக்கும் ஐஸ் பொட்டி வாங்கியாரச் சொல்லு."