ஞாயிற்றுக்கிழமை திறந்த மூடி

மனாசேவுக்கு வயது நாற்பத்திரண்டு. அவருடைய வெள்ளைக் காருக்கு முப்பத்தொன்று. டோங்காவின் கிழக்குக் கோடியில், கொலோங்கா கிராமத்தில், இருவரையும் யாரும் தனித்தனியாக விசாரிப்பதில்லை. "காரு எப்படி இருக்கு?" என்று கேட்டால் மனாசே நலமா என்று அர்த்தம்.

வள்ளிக்கிழங்கு பயிரிட்டுத் தலைநகர்ச் சந்தையில் விற்பது அவர் தொழில். கார் ரிப்பேர் வேறு வழியில்லாமல் கற்றுக்கொண்டது. பாட்டரி முனையில் வெள்ளை பூத்தால் வெந்நீர் ஊற்றிக் கழுவுவார். பெல்ட் கிறீச்சிட்டால் சத்தத்தை வைத்தே எவ்வளவு இறுக்க வேண்டும் என்று சொல்வார்.

அந்த வாரம் மட்டும் கார் பிடிகொடுக்கவில்லை. பத்துப் பதினைந்து நிமிடம் நன்றாக ஓடும். பிறகு இருமிக் குலுங்கி நின்றுவிடும். சற்று நேரம் விட்டால் ஒன்றும் நடக்காததுபோல் கிளம்பும். பிளக்குகளை மாற்றினார், வடிகட்டியை மாற்றினார். சித்தப்பா மகனின் காரிலிருந்து பெட்ரோல் பம்பையே கழற்றிப் பொருத்தினார்; பம்பு போனதால் அந்தக் காரும் அதோடு படுத்தது. கோளாறு போகவில்லை.

மனைவி லூசேயானேவுக்கு எப்போது வேண்டுமானாலும் வலி எடுக்கலாம். மூத்தவன் பிறந்தபோது ரத்தப்போக்கு நிற்காமல் பிழைத்து வந்தவர் அவர். இந்த முறை வலி கண்டதும் தலைநகர் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும் என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். கார் வழியில் நின்றால்? அதை நினைத்தால் மனாசேவுக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிறு காலை, அந்த ஊர் வழக்கப்படி உடுப்புக்கு மேல் இடுப்பில் பாய் சுற்றிக்கொண்டு, மூத்தவனோடு மாமனார் ஊர் சர்ச்சுக்குக் கிளம்பினார்கள். பாதி வழியில் கார் நின்றது. மனாசேவின் கை சீட்டுக்கு அடியில் ஸ்பானரைத் தேடியது.

"தொடாத. இன்னிக்கு ஞாயிறு," என்றார் லூசேயானே.

"தெரியும். சும்மா தடவிப் பாத்தேன்."

"என்னை விட அதத்தான் ஜாஸ்தி தடவுற."

ஞாயிறன்று வேலை செய்வது அங்கே சட்டப்படியே குற்றம். கைகட்டி உட்கார்ந்தார். பாடகர் குழுப் பெண்கள் நடந்து வந்தார்கள்; முன்னால் லூசேயானேவின் பெரியப்பா மகள் விகா.

"என்ன தம்பி, உன் காரும் ஓய்வுநாள் அனுசரிக்குதா?"

"கிண்டல் பண்ணாதீங்கக்கா."

"பெட்ரோல் இருக்கா?"

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். மனாசேவுக்கு முகம் சிவந்தது. "பதினஞ்சு வருஷமா ஓட்டறேன். என்னப் பாத்துக் கேக்குற கேள்வியா இது?"

"இருந்தா காட்டேன்!"

பெட்ரோல் தொட்டியின் மூடியைத் திறப்பது வேலையில் சேராது. கோபத்தோடு திருகினார்.

உஸ்ஸ்ஸ் என்று நீளமாக ஒரு சத்தம். தொட்டி காற்றை உள்ளே இழுத்தது. அவருக்கு விஷயம் பிடிபட்டது. பெட்ரோல் வெளியேற வேண்டுமானால் அந்த இடத்துக்குக் காற்று வரவேண்டும். காற்று வரும் குழாய் எங்கோ அடைத்திருக்கிறது! சாவியைத் திருப்பினார். முதல் முறையிலேயே கார் உறுமியது.

"ஏறுங்கக்கா! எல்லாரும் ஏறுங்க!"

மூடியைத் தளர்த்தி வைத்து, பாடகர் குழுவை அடைத்துக்கொண்டு போனார். ஜெப நேரத்தில் எழுந்து நின்று மனைவிக்காகவும் வயிற்றிலிருக்கும் பிள்ளைக்காகவும் நன்றி சொன்னார். "விகா அக்கா கேட்ட கேள்விக்காகவும் நன்றி ஆண்டவரே" என்றபோது சர்ச்சே சிரித்தது. விகாவின் ஆமென்தான் எல்லாரையும் விடச் சத்தமாகக் கேட்டது.

திங்கள் விடிந்ததும் காரின் அடியில் படுத்து, காற்றுக் குழாய்க்குள் தென்னை ஈர்க்கை விட்டுக் குடைந்தார். காய்ந்த மண் பொலபொலவென்று நெஞ்சில் கொட்டியது. குளவிக் கூடு. பழைய பம்பையே திரும்பப் பொருத்தி, கடன் வாங்கியதைச் சித்தப்பா மகனின் காரில் மாட்டிக் கிளப்பியும் கொடுத்தார்.

வியாழன் மதியம் லூசேயானேவுக்கு வலி எடுத்தது. கார் வழியில் எங்கும் நிற்கவில்லை. பெண் குழந்தை, தாயும் நலம். வரும் ஞாயிறு நால்வரும் அதே காரில் சர்ச்சுக்குப் போகிறார்கள்.